களத்தை விட்டு விலகுவது குற்றமா?

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பதும் அவர்கள் வாக்கே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் நாளில் நாம் எதைக் கைக்கொள்வது? தன் எதிர்காலத்தைக் காக்கக் குழுவை விட்டு விலகுபவர் குற்றவாளியா? ஆண்டு மலரின் வாயிலாக இதனைச் சற்றே சிந்தித்துப் பார்க்க விரும்புகிறோம்.

இக்கேள்வி எங்கள் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் பள்ளிக் கபடிக் குழு மாவட்டப் போட்டிக்காக நாமக்கல்லுக்குப் புறப்பட்ட காலையில், பாடிச் செல்வதில் வல்லவரான பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் வரவில்லை. ஆட்டத்தில் தோற்றோம். திரும்பும்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடியும் வரை பேருந்தில் அவரைப் பற்றிய பேச்சுத்தான். ‘நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாரே’ என்று பேசியவர்களுள் நாங்களும் இருந்தோம். பின்னரே உண்மை தெரிந்தது. செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவர் கனவு. பொதுத்தேர்வு எழுதவேண்டிய ஆண்டில் கால் முறிந்தால் என்ன செய்வது என்று வீட்டார் அஞ்சினர். வர இயலாது என்பது ஒரு மாதத்திற்கு முன்பே அவருக்குத் தெரியும், சொல்லத்தான் அஞ்சினாராம்.

உலகப் புகழ் பெற்ற வீரர்களுக்கும் இதே சோதனை வந்திருக்கிறது. அமெரிக்க நாட்டில் கல்லூரிக் கால்பந்துக் குழுக்கள், பருவம் முடிந்ததும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ‘பவுல்’ என்னும் சிறப்பு ஆட்டங்களில் மோதுகின்றன. அங்குக் கால்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி, ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். அதன்பின் ஏப்ரல் மாதத்தில் தொழில்முறைக் குழுக்கள் சிறந்த மாணவர்களைத் தெரிவு செய்கின்றன. முன்னதாகத் தெரிவு செய்யப்படுபவருக்குப் பெரும்பொருள் கிடைக்கும்.

நம் அன்னையின் பெயர் தாங்கிய நோட்ர டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வீரர் ஜேலன் ஸ்மித், 2016 ஜனவரி 1ஆம் நாள் நடந்த பியஸ்டா பவுல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார்கள் அறுந்து வீழ்ந்தார். நரம்பும் பாதிக்கப்பட்டது. முதல் சிலருள் ஒருவராக எடுக்கப்படுவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், 34ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அந்த ஆண்டு முழுவதும் அவரால் களம் இறங்க இயலவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லெனார்ட் போர்னெட், கிறிஸ்டியன் மெக்காப்ரி என்னும் இருவர், தங்கள் குழுக்களின் பவுல் ஆட்டத்தில் ஆடப்போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தனர். ‘தோழர்களைக் கைவிட்டவர்கள்’ என்று பலர் தூற்றினர். 2017இல் அவர்கள் முறையே 4ஆவதாகவும் 8ஆவதாகவும் எடுக்கப்பட்டனர். அக்காலத்தில் கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது; படிப்புச் செலவை மட்டுமே கல்லூரி ஏற்றது. சம்பளமும் கொடாமல், காலொடிந்தால் ஈடும் கொடாமல், ‘எங்களுக்காக ஆடு’ என்று கட்டளையிடுவது எவ்வாறு நீதியாகும்?

இனி நம் நாட்டிற்கு வருவோம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பரில் நம் சென்னைச் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. அத்தகைய பெருமை வாய்ந்த போட்டியை, ஐ.பி.எல். வந்தபின் முன்னணி வீரர்கள் சிலர் பெரிதாக எண்ணவில்லை என்ற குறை எழுந்தது. 2024 பிப்ரவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் ஒப்பந்தப் பட்டியலில் இஷான் கிஷன், ஸ்ரேயாஸ் ஐயர் இருவரையும் சேர்க்கவில்லை. நாட்டுக்காக ஆடாத நாட்களில் உள்நாட்டுப் போட்டிகளுக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. இஷான் அப்பருவத்தில் ஜார்க்கண்டின் ரஞ்சி ஆட்டங்களில் ஆடவில்லை. ஸ்ரேயாஸ் முதுகு வலியால் மும்பையின் காலிறுதியில் ஆடவில்லை. அவரவர் துன்பம் அவரவருக்கே தெரியும். தீர்ப்பிட நாம் யார்? ஸ்ரேயாஸ் அரையிறுதிக்குத் திரும்பினார். இறுதியாட்டத்தில் 95 ஓட்டங்கள் எடுத்தார். 2025 ஏப்ரலில் இருவருக்கும் ஒப்பந்தம் மீண்டும் கிடைத்தது.

அதே அரையிறுதியில் மும்பையை எதிர்த்து ஆடியது நம் தமிழ்நாடு. இந்திய டெஸ்ட் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டு வாஷிங்டன் சுந்தர் வந்து ஆடினார். தமிழ்நாடு தோற்றதுதான், 1988க்குப் பிறகு அக்கோப்பை நம் கைக்கு எட்டவில்லை. ஆயினும் பெரிய வீரர் ஒருவர் உடன் நின்று ஆடுவது இளையவர்களுக்கு எத்தகைய ஊக்கம்! 2025 ஜனவரியில் விராட் கோலி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் டெல்லிக்காக ரஞ்சியில் ஆட வந்தார். 6 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். எனினும் அவரைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

‘இவையெல்லாம் ஆண்பிள்ளைகளின் கதை, நமக்கென்ன?’ என்று எண்ணிவிட வேண்டாம். மதுரையைச் சேர்ந்த ஜி. கமலினி 2024 டிசம்பரில், 16 வயதில், மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 1 கோடியே 60 இலட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். விளையாட்டு பெண்களுக்கும் பிழைப்பாகும் காலம் வந்துவிட்டது. ஆகவே இச்சோதனையும் நம் வாசலுக்கு வந்தே தீரும்.

அப்படியானால் எது சரி? நற்செய்தியில் நம் ஆண்டவர் சொன்ன இரு புதல்வர் உவமையை நினைத்துப் பார்ப்போம். தந்தை தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னபோது ஒருவன் மறுத்தான். பின் மனம் வருந்திச் சென்றான். மற்றவனோ சரி என்றான், ஆனால் போகவில்லை. தந்தையை ஏமாற்றியவன் இரண்டாமவனே அல்லவா? கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றும் ஆண்டவர் கற்பித்திருக்கிறார். எனவே விலகுவது குற்றமன்று. வருவேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நாளில் காணாமற் போவதே குற்றம். போர்னெட்டும் மெக்காப்ரியும் முன்கூட்டியே சொன்னார்கள்; அவர்கள் இடத்திற்கு வேறொருவர் ஆயத்தமாக நேரம் இருந்தது. நம் குழுவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த அக்காவை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ‘முடியாது’ என்று அஞ்சாமல் சொல்ல நாம் அவருக்கு இடம் கொடுத்தோமா? இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்த வள்ளல். அவன் மன்னன், கொடுக்க அவனிடம் இருந்தது. குண்டனி நாட்டு வீட்டுப் பெண்ணுக்கு உள்ளதோ இரண்டு கால்களும் ஒரு பொதுத்தேர்வும். அவளுக்குக் காலொடிந்தால் மலையிறங்கி மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார்? மிளகு பறிக்கவும் தம்பியைப் பார்க்கவும் யார் இருக்கிறார்? விடுபட்ட பாடத்தை யார் சொல்லித் தருவார்? இவற்றுக்கு விடை சொல்லாமல் தியாகத்தை மட்டும் கேட்பது அன்பாகாது.

ஆதலால் எங்கள் தாழ்மையான கருத்துகளை இங்கு வைக்கிறோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரையும் அழைத்துப் பேசி, இறுதிவரை வரக்கூடியவர் யார், பாதியில் நிற்க வேண்டியவர் யார் என்று கேட்டறிய வேண்டும். நிற்பவரை இகழ்தல் கூடாது. அவர் தம் இடத்திற்கு ஒரு தங்கையைப் பழக்கிவிட்டுப் போகலாமே! அடிபட்ட மாணவிக்கு மருத்துவத்திற்கும் பாடத்திற்கும் பள்ளி துணை நிற்க வேண்டும். பெற்றோரும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டுப் போட்டியன்று தடுக்காதிருக்க வேண்டுகிறோம். தடுப்பதானால் முன்பே சொல்லுங்கள்.

அந்த அக்கா இன்று செவிலியர் படிப்பில் சேர்ந்து பயின்று வருகிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எங்களைக் கண்டு தலைகுனிந்தார். நாங்களும் தலைகுனிந்தோம். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, தாம் பாடிச் செல்லும் முறையை எங்கள் தங்கையர்க்கு ஒரு மாலை முழுதும் கற்றுக் கொடுத்தார்.

அன்புத் தோழியரே! நாம் சொல்லும் ‘ஆம்’ ஆமாகவே இருக்கட்டும். ‘இல்லை’ என்பதையும் அஞ்சாமல், காலத்தோடு சொல்வோம். அப்படிச் சொல்பவரை அணைத்துக்கொள்ளும் உள்ளத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!