தண்டவாளம் நீங்கிய பாதை

'இரும்பு' என்னும் சொல் 'பாதை'யோடு புணருமிடத்து 'இருப்புப் பாதை' என்றாகும். மென்றொடர்க் குற்றியலுகரம் வன்றொடராகத் திரிதற்கு இதனையே எடுத்துக்காட்டாக மாணாக்கர்க்குப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். ஆனால், இரும்பைப் பெயர்த்தெடுத்தபின் எஞ்சி நிற்கும் பாதைக்கு என்ன பெயர், அது யாருக்குரியது என்று எந்த மாணாக்கரும் என்னைக் கேட்டதில்லை. சென்ற கோடையிற் கனடா நாட்டில் அவ்வினாவை நானே என்னிடம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

ரொறன்ரோவின் அயலிலுள்ள பிரம்ரனில் வாழும் மகள் வீட்டிலே தங்கியிருந்தேன். ஒருநாட் காலை மருமகன், "மாமா, இஞ்சை ஒரு பழைய றெயில் றோட்டு இருக்குது. நடந்து பாப்பமே?" என்றார். போனோம்.

கற்றராக்ற் என்னும் சிற்றூரிலிருந்து எலோரா வரை 47 கிலோமீற்றர் செல்வது அப்பாதை. 1880ஆம் ஆண்டளவில் ஒரு புகையிரதக் கம்பனி அதனை அமைத்தது. பின்னர் அது கனேடிய பசிபிக் கம்பனியின் கைக்கு மாறிற்று. வீதிகளும் மோட்டார் வண்டிகளும் பெருகவே, 1980களின் இறுதியிற் கைவிடப்பட்டது. 1993இல் கிரெடிற், கிராண்ட் ஆகிய இரண்டு ஆறுகளின் பாதுகாப்புச் சபைகள் அந்நிலத்தை வாங்கி, நடப்போர்க்கும் சைக்கிளிற் செல்வோர்க்கும் உரிய பாதையாக்கின. எரின், ஹில்ஸ்பேர்க், ஓர்ற்றன், பெல்வூட், பேர்கஸ் என்னும் சிற்றூர்களை அது ஒரு நூலிற் கோத்தாற்போல் இணைக்கின்றது.

எரினுக்கும் ஹில்ஸ்பேர்க்குக்கும் இடைப்பட்ட பகுதியிலேதான் நடந்தோம். இருபுறமும் சதுப்பு நிலம். சம்பங்கோரைகளிடையே தேங்கிய கருநீர். தோளிற் செந்நிறப் பட்டையுடைய கரும்பறவைகளின் கூச்சல். வேர்கள் நீரில் ஊற நின்ற சீடர் மரங்கள். பாதையோ மேடு பள்ளமின்றிச் சென்றது. நீராவி இயந்திரத்தாற் செங்குத்தான மேடு ஏற இயலாது என்பதற்காக அக்காலத்துப் பொறியியலாளர் மண்ணை வெட்டியும் நிரவியும் சமப்படுத்திய வழி அது. இயந்திரத்துக்குக் காட்டிய அந்த இரக்கத்தின் பயனை இன்று என்போன்ற முதியவரின் முழங்கால்கள் துய்க்கின்றன.

நடக்க நடக்க என் நெஞ்சம் வேறொரு பாதைக்குச் சென்றுவிட்டது. 1990 யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றபோது நான் இளைஞன். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. மாரிகாலத்தில் வயல்வெளியெங்கும் வெள்ளம் நிற்கும். கொடிகாமத்துக்கும் மிருசுவிலுக்கும் இடையே அந்த மேட்டின்மீது சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்திருக்கின்றேன். கனடாவில் மக்கள் மகிழ்ச்சிக்காக நடக்கின்றனர். நாம் வேறு வழியின்றி நடந்தோம். எனினும் கால் மிதித்தது ஒரே வகையான மண்ணைத்தான்.

அந்த மண் அங்கே கிடந்தமையாலேதான் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. அதே ஆண்டு மார்ச்சிற் தலைமன்னார்ப் பாதையும் உயிர்த்தது. இரும்பு முற்றாகப் போயிருந்தது. நிலையங்கள் பல இடிந்திருந்தன. ஆனால் அணையும் நிலக்கீற்றும் இருந்தன. இரும்பை விலைகொடுத்து வாங்கலாம். ஊர்களையும் வயல்களையும் ஊடறுத்து நூற்றுக்கணக்கான மைல் நீளும் ஒரு நிலக்கீற்றைத் துண்டு துண்டாக விட்டுவிட்டால், மீண்டும் ஒன்றாகச் சேர்ப்பது எளிதன்று.

இதற்கு மறுதலையான காட்சியும் நம் நாட்டிலேயே உண்டு. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஓடிய குறுகிய பாதை 1970களிற் கைவிடப்பட்டது. அந்நிலத்தின் பல பகுதிகள் வீடாகவும் கடையாகவும் வீதியாகவும் மாறிவிட்டன. அவ்வழியே மீண்டும் வண்டி ஓட்ட எண்ணுவோர் முதலில் எதிர்நோக்க வேண்டியது மலையையன்று, மனைகளையே.

அமெரிக்கர் இவ்வுண்மையைச் சட்டமாகவே எழுதிவைத்துள்ளனர். கைவிடப்படும் பாதையின் நிலத்தைச் சிதறவிடாது நடைபாதையாகப் பேணி, தேவை எழுங்காற் புகையிரதத்துக்கே மீள அளிப்பதற்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1963இல், மே வாட்ஸ் என்னும் இயற்கையறிஞர் சிக்காகோ நகரின் நாளிதழொன்றுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். கைவிடப்பட்ட மின்சாரப் புகையிரதப் பாதையை நடப்போர்க்கு விட்டுவிடுக என்பதே அதன் சாரம். இல்லினோய் மாநிலத்தின் புல்வெளிப் பாதை அக்கடிதத்தினின்றே பிறந்தது. வாட்ஸ் அம்மையார் முன்னர் ஆசிரியராக இருந்தவர் என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் மனங்கொள்வார்களாக.

'புகையிரதம் வேண்டும் ஏழை நாட்டுக்கு நடைபாதை எதற்கு? இது செல்வர் விளையாட்டு' என்று ஒருவர் கூறலாம். கூற்றிற் பாதி உண்மை. புகையிரதத்துக்கு ஈடாக நடைபாதையைத் தந்து மக்களின் வாயை அடைப்பதாயின் அது வஞ்சகமே. நான் சொல்வது அதுவன்று. பயன்படாத நிலத்தைக் காக்க வேலியைவிடச் சிறந்தது மக்களின் காலடி. நாள்தோறும் மாணாக்கர் பள்ளிக்குச் செல்லும் வழியை எவரும் எளிதில் அடைத்துவிட முடியாது.

வேறு இரண்டு தடைகள் இதனினும் வலியவை. ஒன்று, குடியிருப்போர். கைவிடப்பட்ட நிலத்திற் குடிசை கட்டியோருள் போரால் வீடிழந்தோரும் இருந்தனர். பாதையை மீட்கும் பெயரால் அவர்களைத் தெருவில் விடுதல் அறமாகாது. மாற்று நிலம் தந்தபின்பே மீட்பு. மற்றொன்று, நீர். சதுப்பு நிலத்தின் ஊடே செல்லும் அணை, மதகுகள் தூர்ந்துபோனால் ஒருபுறம் வெள்ளத்தையும் மறுபுறம் வறட்சியையும் உண்டாக்கும். பாதையைப் பேணுவோர் மதகையும் பேணவேண்டும். இல்லையேற் பறவை பார்க்கச் செல்வோர் பறவையின் வீட்டையே அழித்தவராவர்.

ஆகவே நாம் வேண்டுவது பெருஞ்செலவன்று. வண்டி ஓடாத பாதைகள் எங்கெங்கே உள்ளன, அவற்றின் எல்லை யாது என்பதை அளந்து கல் நாட்டல் முதற்பணி. அவற்றைத் துண்டாக்கி விற்பதில்லை என்று விதித்தல் இரண்டாவது. எஞ்சிய பகுதிகளை நடப்போர்க்குத் திறந்துவிடல் மூன்றாவது. ஒவ்வொரு பள்ளியும் தன் அயலிலுள்ள பழைய பாதையின் கதையை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கலாம். அதற்குப் பணமே வேண்டியதில்லை.

எரினிலிருந்து திரும்புகையில் மருமகன், "என்ன மாமா, களைச்சுப் போனியளோ?" என்று கேட்டார். இல்லையென்றேன். இலக்கணத்தைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். 'இருப்பு' என்பதற்கு நிலைத்திருத்தல் என்றும் பொருளுண்டு. இரும்பு போனாலும் அவ்விருப்பு போகாதபடி காப்பாற்றுவோமாயின், இருப்புப் பாதை என்னும் பழம் பெயரே அதற்கு இனியும் பொருந்தும்.