தை பிறந்தும் அறுக்காத வயல்

ஐரோப்பாவின் பழைய இயற்கை வழிபாட்டுப் பண்டிகைகளில் ஒன்று யூல். வருஷத்தின் மிக நீண்ட இரவு முடிந்து வெளிச்சம் திரும்புவதைக் கொண்டாடுவது. அங்கே டிசம்பர் 21-ஐ ஒட்டி வரும். ஆனால் ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்றால் கொளுத்தும் வெயில்! அதனால் அங்குள்ள பேகன்களில் பலர் யூலை ஜூன் மாதத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். தேதியை விடப் பருவம்தான் முக்கியம் என்பது அவர்கள் கணக்கு.

இதற்கும் நாஞ்சில் நாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

இங்கே நெல் இரண்டு பூ. கன்னிப்பூ, கும்பப்பூ. பெயரிலேயே அறுவடை மாதம் இருக்கிறது. மலையாளக் கன்னி நமக்குப் புரட்டாசி, கும்பம் மாசி. தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடையாகும் தை மாதத்தில், இங்கே கும்பப்பூ பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். பொங்கல் பானையில் வேகிறது முந்தைய பூவின் அரிசி, அல்லது கடை அரிசி.

அதற்காகப் பொங்கலை மாசிக்குத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அது சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் நாள், தமிழர்களை ஒரே நாளில் சேர்க்கும் நாள். இருக்கட்டும். ஆனால் இந்த மண்ணுக்கென்று இன்னொரு நாளும் உண்டே... நிறைபுத்தரிசி!

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி இது. கேரளக் கோயில்களைப் போலவே கன்னியாகுமரி, சுசீந்திரம் கோயில்களிலும் ஆடியில் இது நடக்கிறது. முதலில் விளைந்த கதிர்களைக் கொண்டுவந்து பூஜை செய்து பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். வீட்டில் கட்டி வைத்தால் அன்னத்துக்குக் குறைவில்லை என்பது நம்பிக்கை.

பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் கடையில் கிடைத்துவிடும். ஊரில் ஒரு வயல்கூட இல்லாவிட்டாலும் பொங்கல் பொங்கும். நிறைபுத்தரிசிக்குக் கதிர் வேண்டும், கதிருக்கு வயல் வேண்டும். பேச்சிப்பாறைத் தண்ணீர் பாய்ந்த வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் வீட்டுமனையாகவும் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், இது வருஷா வருஷம் நடக்கும் ஒரு ஆடிட் மாதிரி.

அடுத்த ஆடியில் கையில் கதிர் வாங்கும்போது, எந்த ஊர் வயலில் அறுத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பெயர் வந்தால் சந்தோஷம். வெளி மாவட்டத்துப் பெயர் வந்தால், கணக்கில் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம்.