செருப்பை எண்ணுகிறவர்

போன வியாழக்கிழமை இரவு பதினொன்றே முக்கால். விளக்கை அணைக்கப் போன நேரத்தில் அலுவலகத்துத் தம்பி அழைத்தான். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ராத்திரி ஷிஃப்ட். “அக்கா, சைட் ஒண்ணும் விழலை. ஆனா மெஷின் வருது, போகுது, வருது, போகுது. என்ன பண்றதுன்னு தெரியலக்கா.”

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். கிராஃப் ரம்பப் பல் மாதிரி இருந்தது. இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. சாயங்காலம் ஏழு மணியிலிருந்து இதே கதை. துணிக்கடைக்காரர் ஒருவரின் இணைய விற்பனைத் தளம் அது. வாங்குகிறவர்கள் சேலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே மட்டும் ஒரு சர்வர் பிறப்பதும் சாவதுமாக இருந்தது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளவுடில் ஒரே அச்சில் வார்த்த சர்வர்களை ஒரு குழுவாக வைப்போம். குறைந்தது இத்தனை, கூடினால் இத்தனை என்று இரண்டு எல்லைகள். நடுவில் விதிகள்: வேலை ஏறினால் ஒன்றைச் சேர், இறங்கினால் ஒன்றை எடு. ஆட்டோ ஸ்கேலிங் என்று பெயர். அமேசான் இதைத் தன் கிளவுடில் 2009ஆம் ஆண்டு கொண்டுவந்தது. இன்று எல்லோரிடமும் இருக்கிறது. ‘ஆட்டோ’ என்ற சொல்லை நம்பி ஒரு தடவை அமைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

அந்தக் குழுவில் முந்தைய நாள் யாரோ விதியை மாற்றியிருந்தார்கள். சிபியு சராசரி 70 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு மெஷின் சேர், 60க்குக் கீழே போனால் ஒன்றை எடு. பழைய விதியில் கீழ் எல்லை 35ஆக இருந்தது. பில்லைக் குறைக்கலாம் என்று அதை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

தம்பியிடம் ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். “ரெண்டு மெஷின், ஆளுக்கு 70. மொத்தம் எவ்வளவு?” “140க்கா.” “மூணாவது வந்துட்டா ஆளுக்கு எவ்வளவு?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “46.7... ஐயோ, அது 60க்குக் கீழ.” அவ்வளவுதான். மூன்றாவது மெஷின் வந்ததுமே, அது வந்த காரணத்தாலேயே, வேண்டாததாகிவிடுகிறது. அதை எடுத்தால் மற்ற இரண்டும் திரும்ப 70க்குப் போகின்றன. விடிய விடிய இதுதான் நடக்கும்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது மிஞ்சுகிறவற்றின் சுமை ஒன்றரை மடங்காகும். அதனால் கீழ் எல்லை 46க்கு மேல் இருக்கவே கூடாது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் சுமை இரட்டிப்பாகும், அங்கே 35 தாண்டக் கூடாது. குழுவில் இருபது மெஷின் இருந்தால் ஒன்று போனது மற்றவற்றுக்கு உறைக்காது. அங்கே 60 தாராளமாகச் சரிவரும். ஆக, குழு சிறியதாக இருந்தால் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே நிறைய இடம் விட வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஸூர், ஒன்றை எடுப்பதற்கு முன்னால், எடுத்தபின் சராசரி எங்கே போய் நிற்கும் என்று தானே கணக்குப் போட்டுப் பார்க்கும். உடனே திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் எடுக்காமல் விட்டுவிடும். நான் எழுதிவைத்த விதியில் அப்படிக் கேட்பார் யாரும் இல்லை.

சதவீதத்தை 35க்கே திருப்பினோம். ரம்பம் நின்றது. ஆனால் பதினைந்து வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 60ஆ, 70ஆ என்று கூட்டம் போட்டு மணிக்கணக்கில் பேசுவோம், பக்கத்திலேயே இருக்கிற நிமிடங்களை யாரும் கவனிக்க மாட்டோம். எந்த எண்ணை எவ்வளவு நேரம் பார்த்த பிறகு நம்புவது? ஒரு தடவை செயல்பட்ட பிறகு எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது? வம்பெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஒரு தவசுப்பிள்ளை இருந்தார். பெரிய சமையல்காரர், அதைவிடப் பெரிய கோபக்காரர். ஆக்குப்புரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அரை மணிக்கு ஒரு தரம் எடுபிடிப் பையனை மண்டப வாசலுக்கு விரட்டுவார். என்ன என்று பார்த்தால், அவன் வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணிக்கொண்டு வந்து சொல்வான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த உலை வைக்கச் சொல்வார். ஒரு தடவை அவன் சோம்பல்பட்டு, பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டு வந்தான். “பந்தியப் பாத்து உலை வைக்கக் கூடாதுல. உக்காந்தவன் ரசத்துக்கு வந்துருவான், இங்க அரிசி வெந்திருக்காது. செருப்பப் பாத்து வைக்கணும்” என்று ஒரு சத்தம் போட்டார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பிற்காலத்தில் எனக்குச் சோறு போடப்போகிற பாடம் என்று தெரியாது.

சிபியு என்பது பந்தி. வந்து உட்கார்ந்துவிட்டவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்றுதான் அது சொல்லும். வாசலில் நிற்பவர்களைப் பற்றி அதற்குத் தெரியாது. இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. டேட்டாபேஸ் திணறும்போது எல்லா மெஷின்களும் பதிலுக்காகச் சும்மா காத்துக்கொண்டிருக்கும், சிபியு 20க்கு இறங்கிவிடும். வெளியே வாடிக்கையாளர் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். விதியோ, “வேலை இல்லை போலிருக்கிறதே” என்று மெஷினை எடுக்க ஆரம்பிக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் லோட் பேலன்சரில் மெஷின் ஒன்றுக்கு எத்தனை கோரிக்கை வருகிறது என்பதையோ, வரிசையில் எவ்வளவு வேலை தேங்கிக் கிடக்கிறது என்பதையோ பார்த்து விதி எழுதுவது நல்லது. அதுதான் செருப்பு.

இனி உலை. எங்கள் தளத்தில் ஒரு மெஷின் கேட்டதிலிருந்து, அது எழுந்து, ஜாவா நிரல் விழித்து, முதல் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற வரை நாலு நிமிடம். அமேசானில் கூடுதல் பணம் கட்டாவிட்டால் சிபியு கணக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். பணம் கட்டினால் நிமிடத்துக்கு ஒன்று. மூன்று நிமிடம் தொடர்ந்து எல்லை தாண்டினால்தான் அலாரம் என்று வைத்திருந்தால், மூன்றும் நாலும் ஏழு. கூட்டம் வந்து ஏழு நிமிடம் கழித்து உதவி வரும். துணிக்கடைக்காரரோ ராத்திரி எட்டு மணிக்குத் தள்ளுபடி என்று எட்டு மணிக்குச் சரியாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இரண்டு நிமிடத்தில் எல்லோரும் உள்ளே. இதற்கு எந்த அலாரமும் உதவாது. ஏழு நாற்பதுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்டாக உயர்த்து, பத்தரைக்கு இரண்டாக இறக்கு என்று நேர அட்டவணை போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் அதற்கு விளம்பரப் பிரிவுக்காரர்கள் தள்ளுபடி நேரத்தை முன்கூட்டி நமக்குச் சொல்ல வேண்டும். அதை வாங்குவது பூனைக்கு மணி கட்டுகிற வேலை.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிரிக்கெட்டுக்குப் போக வேண்டும். 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர், மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போன ஆட்டம். தோனி ஆடிக்கொண்டிருந்தபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனத்துப் பொறியாளர்கள் பிறகு மேடைகளில் பேசியபோது, கிளவுடில் தயாராகக் கிடைக்கிற ஆட்டோ ஸ்கேலிங்கை அந்த ஆட்டங்களுக்கு நம்பவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அது படிப்படியாக ஏறும், கூட்டம் அலையாக வரும். கேட்கிற நேரத்தில் அவ்வளவு மெஷின் கிளவுட்காரரிடமே இல்லாமலும் போகலாம். அதனால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணை வைத்துத் தாங்களே ஓர் ஏணி கட்டி, எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே மெஷின்களை முன்கூட்டி எழுப்பி வைத்துக்கொண்டார்கள். தோனி ரன் அவுட் ஆனார். அத்தனை பேரும் பின்னுக்குப் போகிற பொத்தானை அமுக்கினார்கள். வீடியோ சர்வர்களில் ஆள் இல்லை, ஆனால் முகப்புப் பக்கத்தைத் தருகிற சர்வர்களில் ஒரே நொடியில் வெள்ளம். போகிற கூட்டமும் ஒரு வாசல் வழியாகத்தானே போக வேண்டும்! அந்த ரன் அவுட்டுக்கு நானும் வீட்டில் தலையில் கை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். யாரோ ஒருவர் கன்ஸோலைப் பார்த்துக்கொண்டு தலையில் கை வைத்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

பொறுமையில்லாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. சில வருஷத்துக்கு முன்னால், வேறொரு வாடிக்கையாளர். புது மெஷின் நலமாக இருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்குவதற்கு முன்னால் எத்தனை நொடி விட்டுக்கொடுப்பது என்று ஓர் இடம் இருக்கும். அதில் 120 என்று இருந்தது. அந்த நிரலோ எழுந்திருக்க மூன்றரை நிமிடம் எடுக்கும். இரண்டு நிமிடம் முடிந்ததும் சோதிக்கிறது, பதில் இல்லை, நோய் என்று முடிவு கட்டிக் கொன்றுவிட்டு இன்னொன்றைப் பெறுகிறது. அதுவும் கண் திறப்பதற்குள் காலி. ஒன்றுகூட முழுதாக விழித்ததில்லை. காலையில் பதிவேட்டைப் பார்த்தபோது பிறப்பு இறப்புக் கணக்கு பக்கம் பக்கமாக ஓடியது. நல்ல வேளை, 2017 அக்டோபருக்குப் பிறகு நடந்தது. அதற்கு முன்னால் அமேசானில் இரண்டு நிமிடம் வாழ்ந்த மெஷினுக்கும் முழு ஒரு மணி நேரக் காசு. இப்போது லினக்ஸ் மெஷின்களுக்கு நொடிக்கணக்கு, குறைந்தது 60 நொடி.

சேர்ப்பதில் அவசரம் காட்டலாம், எடுப்பதில் கூடாது. மூன்று பெரிய கிளவுட்காரர்களுமே இந்த ஓரவஞ்சனையை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். அஸூரில் சேர்க்க விதிகளில் ஏதாவது ஒன்று சொன்னால் போதும், எடுக்க அத்தனை விதியும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் வீட்டில் சம்மதம் கேட்கிற மாதிரி, ஒரே ஒரு அத்தை முகம் சுளித்தாலும் நின்றுவிடும். அமேசானில் இலக்கு வைத்துப் பின்தொடரும் முறையைப் போட்டால், அது தானே உருவாக்குகிற அலாரங்களில் ஏறுவதற்கு 3 நிமிடம், இறங்குவதற்கு 15 நிமிடம் இருக்கும். கூகுள் கடந்த 10 நிமிடத்தின் உச்சத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் இறங்கும். பெண் வீட்டில் சம்மதம் கேட்கிற மாதிரி, ஒரே ஒரு அத்தை முகம் சுளித்தாலும் நின்றுவிடும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. இந்த நிமிடங்களைப் பலரும் தொட்டே பார்ப்பதில்லை. அமேசானில் ஒரு மாற்றத்துக்குப் பிறகு காத்திருக்கிற நேரம் 300 நொடி. எடுக்கப்போகிற மெஷினில் பாதியில் இருக்கிற வாடிக்கையாளர் வேலை முடிக்க லோட் பேலன்சர் கொடுக்கிற அவகாசமும் 300 நொடி. அவர்கள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக் கொடுத்தார்கள், நாமும் அதை அப்படியே வைத்துக்கொண்டோம். நம் அரிசி எவ்வளவு நேரத்தில் வேகும் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

அதிகபட்சம் என்கிற எல்லையும் அப்படித்தான். பில்லுக்குப் போட்ட பூட்டு என்று மட்டும் அதை நினைக்கிறார்கள். எங்கள் டேட்டாபேஸ் ஒரே சமயத்தில் 400 இணைப்புகளைத் தாங்கும். ஒவ்வொரு மெஷினும் 40ஐப் பிடித்துக்கொள்ளும். பதினோராவது மெஷின் வந்தால் அது உதவிக்கு வந்ததாக ஆகாது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்க வந்ததாகத்தான் ஆகும். இதைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் அதிகபட்சத்தில் இருந்த 20ஐக் காட்டினான். அதைப் போட்டதும் நானாக இருக்கலாம். கேட்காமல் 9ஆக மாற்றினேன்.

மணி ஒன்றரை. சேர்ப்பதற்கு 3 நிமிடம், எடுப்பதற்கு 15 நிமிடம் என்று மாற்றி, நேர அட்டவணையும் எழுதியாயிற்று. சோதித்துப் பார்க்க எட்டு மெஷின் வரை ஏற்றி, பிறகு விட்டுவிட்டோம். கிராஃப் நிதானமாகப் படி இறங்கியது. எட்டு, ஏழு, ஆறு. ஒவ்வொரு படிக்கும் தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். கடைசியில் மூன்றுக்கு வந்தது. இரண்டுக்கு இறங்கியபோது போன மெஷின் எது என்று பார்த்தவன், “அக்கா, இந்த ஒண்ணு மட்டும் எப்பவும் போகவே போகாதுன்னு இருக்கு” என்றான்.

பார்த்தேன். குழுவில் இருந்தவற்றிலேயே மூத்த மெஷின். இதை எடுக்காதே என்ற பாதுகாப்புக் குறி அதன்மேல் போட்டிருந்தது. யார் போட்டது, எதற்காக என்று எந்தக் குறிப்பும் இல்லை. போட்டவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம், அல்லது அதற்குள்ளே யாரோ எதையோ வைத்துவிட்டு மறந்திருக்கலாம்.

“எடுத்துரவாக்கா?”

“இன்னைக்கு வேண்டாம்” என்றேன். “திங்கக்கிழமை பகல்ல பாப்போம்.”

திங்கட்கிழமை தாண்டிவிட்டது. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.