தோட்டத்துப் பிள்ளையும் ஜெர்மன் பாஷையும்

லிங்கி ஆற்றின் பக்கமாக, ஒரு காலத்தில் பால்மரமும் இன்று செம்பனையும் நிற்கும் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம், எனக்குப் பேத்தி முறையாகும் அண்டை வீட்டுப் பெண், மூன்றாம் படிவம் படிப்பவள், சென்ற விடுமுறையில் ஒரு கேள்வி கேட்டாள். "ஜெர்மன் படிக்கணும்னா எந்த ஸ்கூலுக்குப் போகணும், தாத்தா?" அவளுடைய தமையன் மலாக்காவில், 1973ஆம் வருஷத்திலிருந்து இயங்கிவரும் ஜெர்மானிய மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், அங்கே வந்துபோகும் ஜெர்மானியப் பொறியியலாளர்களைப் பற்றி அவன் வீட்டில் சொல்லுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு இந்த ஆசை உண்டாகியிருக்கிறது. அவளுக்கு நான் சொல்ல நேர்ந்த பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியது.

நம் மலேசிய நாட்டின் இடைநிலைப்பள்ளிகளில் ஜெர்மன் பாஷை போதிக்கப்படாமல் இல்லை. ஜப்பானியம், பிரெஞ்சு ஆகியவற்றோடு ஜெர்மனும் அனைத்துலக மொழி என்ற பெயரில், பிரதானமாக முழுநேர விடுதிப் பள்ளிகளிலே, பல்லாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அந்த விடுதிப் பள்ளிகளின் வாசலைத் தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளைகள் மிதித்தது அபூர்வம். ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் சென்று சேருவது, காலையில் போய் மத்தியானம் திரும்பும் சாதாரணத் தேசிய இடைநிலைப்பள்ளிகளில்தான். அவர்களில் மலாய் மொழியில் தேர்ச்சி குறைந்தவர்கள் புகுமுக வகுப்பில் ஒரு வருஷத்தைக் கழித்த பிறகே முதலாம் படிவத்தை அடைகிறார்கள். இத்தகைய பிள்ளைகளுக்கு இன்னொரு பாஷை எதற்கு, இருக்கும் மூன்றையே அவர்கள் சரிவரக் கற்கவில்லையே என்று கல்வியதிகாரிகள் மாத்திரமல்ல, நம்மவர்களிலேயே படித்தவர்கள் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அபிப்பிராயம் தவறானது என்பது என் திடமான நம்பிக்கை. மற்ற எந்தப் பிள்ளையையும்விடத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளைக்கே ஜெர்மன் பாஷையின் இலக்கணம் சுலபமாக வசப்படும் என்பதற்கு அந்தப் பாஷைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

ஜெர்மன் கற்கத் தொடங்கும் அந்நியர்கள் முதலில் கலங்குவது அதன் வேற்றுமைகளைக் கண்டுதான். ஆங்கிலம் தன் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட மொழி. மலாய்க்கு அவை இல்லவே இல்லை. ஜெர்மனுக்கோ நான்கு வேற்றுமைகள் உண்டு. அவை ஏறக்குறைய நம்முடைய முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகள். தமிழ்ப்பள்ளியில் 'ஐ'க்கும் 'கு'வுக்கும் பின்னால் வலி மிகுவதைக் கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய பிள்ளை, ஒரு பெயர் வாக்கியத்தில் தான் வகிக்கும் ஸ்தானத்துக்கேற்ப உருமாறும் என்ற தத்துவத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இன்னும் சொல்லப் போனால், ஆங்கிலத்தில் 'நான் குளிராயிருக்கிறேன்' என்ற பாவனையில் சொல்லும் ஒன்றை ஜெர்மானியன் 'மிர் இஸ்ட் கால்ட்' என்கிறான். அதில் 'மிர்' என்பது 'எனக்கு'. நாமும் எனக்குக் குளிர்கிறது என்றுதானே சொல்லுகிறோம்? நமக்கு ஒரு பொருள் பிடிக்கிறது, அவனுக்கும் அப்படியே. நாம் ஒருவருக்கு உதவுகிறோம். அவனும் 'ஹெல்ஃபன்' என்ற வினைக்கு நான்காம் வேற்றுமையைத்தான் வைக்கிறான். ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மன் கற்பவன் இவற்றையெல்லாம் விதிவிலக்கு என்று நெட்டுருப் பண்ணுகையில், நம் பிள்ளை தன் தாய்ப்பாலோடு பருகிய வழக்கை அங்கே மறுபடியும் சந்திக்கிறாள். சார்பு வாக்கியங்களில் வினைமுற்றை இறுதிக்குத் தள்ளும் ஜெர்மானிய வழக்கமும், சொல்லோடு சொல்லைப் பிணைத்துத் தொகைச் சொல் படைக்கும் அதன் இயல்பும் நமக்கு அந்நியமானவை அல்ல. கையுறைக்குக் கையின் சப்பாத்து என்றும், மருத்துவமனைக்கு நோயாளர் வீடு என்றும் பொருள்படும்படி அவர்கள் பெயரிட்டிருப்பதைக் கண்டால் நம் பிள்ளைகள் மகிழ்வார்கள். பால் பாகுபாடு மாத்திரம் கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; சிறுமியையே அஃறிணைக்கு நிகரான மூன்றாம் பாலில் வைக்கும் அந்த ஒழுங்குக்கு நம் திணைக்கொள்கை உதவாது, அதை மனனம் செய்தே தீரவேண்டும்.

இவ்விரு பாஷைகளுக்கும் இடையே முதலில் பாலம் அமைத்தவர்கள் ஜெர்மானியர்கள்தாம். 1706ஆம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஏறக்குறைய இருபத்துநான்கு வயது வாலிபப் பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரையும் அவருடைய பிள்ளைகளையும் தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழின் அரிச்சுவடியைக் கற்றார். பத்தாண்டுகளுக்குள் அவர் லத்தீனில் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சேறிற்று. அதற்கு நூற்று நாற்பது வருஷங்கள் கழித்து, 1856இல், இன்னொரு ஜெர்மானியரான கார்ல் கிரவுல் திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை லைப்ஸிக்கில் வெளியிட்டார். அவர்கள் நம் பாஷையைக் கற்கக் கடல் கடந்து வந்து மணலில் உட்கார்ந்தார்கள். நம் பிள்ளைகள் அவர்கள் பாஷையைக் கற்க ஓர் அறையும் ஓர் உபாத்தியாயரும் வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையல்ல.

பிரயோஜனம் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. நீலாயிலிருந்து அதிக தூரமில்லாத பாங்கியில், 1991இல் இரு நாட்டு அரசாங்கங்களின் கூட்டு முயற்சியாகத் தோன்றிய ஜெர்மன்-மலேசியத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் இல்லை. அங்கே தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ பயிற்சியாளராகச் சேர்ந்து, படிக்கும்போதே உதவித்தொகை பெற்றுத் தொழில் கற்கும் முறையும் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இடைநிலைத் தரத்திலாவது ஜெர்மன் தெரிந்திருப்பதைத்தான் பொதுவாக அதற்குக் கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு இதைவிட உகந்த மார்க்கம் எது?

ஆயினும் ஓர் எச்சரிக்கையை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் மத்திய அரசுப் பள்ளிகளான கேந்திரிய வித்யாலயங்களில் 2011 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஜெர்மன் மூன்றாம் மொழியாகப் போதிக்கப்பட்டது. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலே, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயின்று கொண்டிருந்த அந்தப் பாடம் அகற்றப்பட்டு சம்ஸ்கிருதம் வைக்கப்பட்டது. அந்த விஷயத்தை ஜெர்மானிய சான்ஸலரே இந்தியப் பிரதமரிடம் பிரஸ்தாபிக்கும்படி ஆயிற்று. சுதேச பாஷைக்கு உரிய ஓர் இடத்தில் அந்நிய பாஷையை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். இடையில் அல்லல்படுவது பிள்ளைகள். நம் இடைநிலைப்பள்ளிகளில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்ற விதி இருந்தும், பல இடங்களில் தமிழ் வகுப்பு அட்டவணைக்கு வெளியே தள்ளப்பட்டு, சனிக்கிழமையிலும் சாயங்காலத்திலும் நடப்பதை நாம் அறிவோம். அந்தத் தமிழ் நேரத்தில் கைவைக்கும் எந்த ஜெர்மன் வகுப்பையும் நான் ஆதரிக்க மாட்டேன். தமிழ் இலக்கணம் அறியாத தமிழ்ப்பிள்ளைக்கு, மேலே நான் சொன்ன சௌகரியம் எதுவும் மிஞ்சாது.

உபாத்தியாயர் எங்கே என்ற கேள்வியும் எழும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழிப் புலத்தில் ஜெர்மனும் தமிழும் இளங்கலைப் பட்டத்துக்குரிய பாடங்களாக ஒரே கூரையின்கீழ் நடைபெறுகின்றன. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் ஜெர்மன் பட்டப்படிப்பு உண்டு. அங்கே பட்டம் பெற்ற ஒருவரை, தமிழறிந்தவராயின் மிக்க உத்தமம், எங்கள் போர்ட்டிக்சன் வட்டாரத்தின் மூன்று நான்கு பள்ளிகளுக்குப் பொதுவாக நியமித்து, வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் வரும்படி ஏற்பாடு செய்வது மாவட்டக் கல்வி இலாகாவால் ஆகாத காரியமன்று.

ஆனால் அந்த வகுப்பு மத்தியானத்துக்குப் பிறகு நடக்குமானால், அதில் தோட்டத்துப் பிள்ளை இருக்கமாட்டாள். பள்ளி விட்டதும் புறப்படும் பஸ்ஸைத் தவறவிட்டால் செம்பனைக்கு நடுவே போகும் மண்பாதையில் நடந்தே வீடு சேர வேண்டும். எந்தத் தாயும் பெண்பிள்ளையை அப்படி விடமாட்டாள். என் அண்டை வீட்டுப் பெண்ணும் அதையேதான் கேட்டாள், எந்தப் பள்ளிக்குப் போவது என்று கேட்ட அவளுடைய அடுத்த கேள்வி, "அது முடிஞ்சதும் பஸ் இருக்குமா, தாத்தா?" என்பதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மனுக் கொடுக்கும்போது, வகுப்பைப் பற்றி எழுதும் அதே காகிதத்தில், நாலு மணிக்கு ஒரு பஸ் வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டுகிறேன்.