கப்பி சிறுத்தால் காற்றுப் பெருகும்



இம்முறை ஒரு தகப்பனாரின் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறோம். அவருடைய மகன் களஞ்சியசாலையில் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசில் 2002ஆம் ஆண்டு போர்ட் எஃப்-150 லைற்னிங் பிக்கப் ட்ரக் ஒன்றை வாங்கியிருக்கிறார். வாகனப் பதிவு தகப்பனின் பெயரில். இப்போது மகன் அதிலுள்ள சூப்பர்சார்ஜருக்குச் சிறிய கப்பி போட நிற்கிறார். இது என்ன கப்பி, எந்த அளவு சரி, விடலாமா என்று கேட்டிருக்கிறார் ஐயா. ஓம் அல்லது இல்லை என்று ஒரு வரியில் சொல்லக்கூடிய விடயம் அல்ல இது. தகப்பனும் மகனும் ஒன்றாக இருந்து வாசிக்கட்டும்.

முதலில் வாகனத்தைப் பற்றி. 1999 முதல் 2004 வரையான இந்த லைற்னிங் வேறெங்கும் அல்ல, எமது ஒன்ராறியோவின் ஓக்வில் நகரிலிருந்த ட்ரக் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 5.4 லீற்றர் வி8 எஞ்சின். அதன் மேல் ஈற்றன் எம்112 என்ற சூப்பர்சார்ஜர். ஆரம்பத்தில் 360 குதிரை வலு, 2001 மொடலிலிருந்து 380. (2022 மொடலாக அதே பெயரில் வந்தது மின்சார ட்ரக். அதில் எஞ்சினும் இல்லை, கப்பியும் இல்லை.)

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும் பம்பி. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடுதலாக எரிக்கலாம், வலு கூடும். அதைச் சுழற்றுவது எஞ்சினின் கிராங்க் கப்பியிலிருந்து வரும் பெல்ற். ஊரில் நெல்லுக் குத்தும் ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எஞ்சினில் பெரிய சில்லு, இயந்திரத்தில் சின்னச் சில்லு. பெரியது ஒருமுறை சுற்ற, சின்னது பலமுறை சுற்றும். சூப்பர்சார்ஜரின் கப்பியை இன்னும் சிறிதாக்கினால் அது இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் காற்றைத் தள்ளும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எம்112 ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.8 லீற்றர் காற்றைத் தள்ளும். 5.4 லீற்றர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுதாக மூச்சு வாங்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு 2.7 லீற்றர். கிராங்க் கப்பி 7.5 அங்குலம், மேல் கப்பி 3 அங்குலம் என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற சூப்பர்சார்ஜர் 2.5 சுற்றுச் சுற்றும், 4.5 லீற்றர் காற்று வரும். 2.7 லீற்றர் இடத்துக்குள் 4.5 லீற்றரைத் திணிப்பதால்தான் அழுத்தம் ஏறுகிறது. கசிவெல்லாம் போக, கம்பனி விட்டபடி இந்த ட்ரக்கில் இருப்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 இறாத்தல்.

மேல் கப்பியை 2.75 அங்குலமாக்கினால் காற்று 9 வீதம் கூடும். 2.5 ஆக்கினால் 20 வீதம். கால் அங்குலம்தானே என்று நினைக்கக் கூடாது. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது, 3 அங்குலக் கப்பியில் சூப்பர்சார்ஜர் 12,500 சுற்று, 2.75இல் 13,600க்கு மேல், 2.5இல் 15,000. ஒவ்வொரு சூப்பர்சார்ஜருக்கும் பாதுகாப்பான சுற்று எல்லை உண்டு. அதைத் தெரிந்து கொள்ளாமல் கப்பி வாங்குவது, அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவது போன்றது.

எல்லைக்குள் நின்றாலும் சூடு என்று ஒன்று இருக்கிறது. காற்றை அமுக்கினால் சுடும். சைக்கிள் பம்பியின் அடியைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். 8 இறாத்தல் அழுத்தத்துக்கே, எந்த இழப்பும் இல்லாவிட்டாலும், காற்றின் வெப்பம் ஏறக்குறைய 40 பாகை ஏறும். எம்112 போன்ற ரூட்ஸ் வகையில் உண்மையில் ஏறுவது இன்னும் அதிகம். வேகமாகச் சுற்றச் சுற்ற அது காற்றைத் தள்ளுவதை விடச் சூடாக்குவதே கூடிக்கொண்டு போகும். இடைக்குளிர்விப்பான் ஓரளவுக்குத்தான் தாங்கும். அதனால்தான் மிகச் சிறிய கப்பி போட்டவர் சில வேளை ஒரு வலுவும் கூடக் காணாமல் காசை மட்டும் இழக்கிறார்.

சூடான காற்றும் போதாத பெற்றோலும் சேர்ந்தால் எஞ்சினுக்குள் கலவை நேரத்துக்கு முந்தி வெடிக்கும். 'நொக்' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். முழு வலுவில் ஓடும்போது சில விநாடிகள் போதும், பிஸ்ரன் உடைந்துவிடும். ஆகவே கப்பியோடு கொம்பியூட்டர் ரியூனும் மாற்றப்பட வேண்டும். ரியூன் செய்யாமல் ஒரு நாள்கூட அழுத்தி ஓடக் கூடாது. 91க்குக் குறைந்த பெற்றோல் இந்த வாகனத்துக்கு ஆகாது.

கனடாவுக்கென்று இன்னொரு கணக்கு உண்டு. ஆடி மாதம் 30 பாகையில் இருக்கும் காற்றை விட, தை மாதம் மறை 15 பாகையில் இருக்கும் காற்று ஏறக்குறைய 17 வீதம் செறிவு கூடியது. கோடையில் ரியூன் செய்து 'எல்லாம் சரி' என்று விட்ட வாகனத்துக்குக் குளிர்காலத்தில் பெற்றோல் பம்பியும் இன்ஜெக்ரரும் போதாமல் போகலாம். இன்ஜெக்ரர் தன் முழுத் திறனில் 80 முதல் 85 வீதத்துக்கு மேல் வேலை செய்யாதபடி இடம் விட்டு வையுங்கள்.

இனித் தம்பிக்குச் சில வார்த்தை. கப்பி வாங்க முன்பு இப்போது இருக்கும் கப்பியை அளந்து பாருங்கள். நாம் ஒருமுறை எம்மவர் ஒருவரோடு இப்படியான ட்ரக் ஒன்றைப் பார்க்கப் போனோம். கை வைக்காத வாகனம் என்றார் விற்றவர். அழுத்தமானியைப் பூட்டி ஓடிப் பார்த்தால் 11 இறாத்தலைத் தாண்டி நின்றது. முன்னைய சொந்தக்காரர் கப்பியை எப்போதோ மாற்றிவிட்டார். அதன் மேல் இன்னொரு சிறிய கப்பி போட்டிருந்தால் எஞ்சின் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. எட்டு சிலிண்டரின் அமுக்கத்தையும் சோதியுங்கள். ஒன்று குறைந்தாலும் முதலில் அந்த வேலை.

2. இரண்டு கப்பிகளின் விட்டத்தையும் அளந்து, இப்போதைய அழுத்தத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்.

3. பெல்ற்றையும் இழுவிசைச் சில்லையும் பாருங்கள். சிறிய கப்பியில் பெல்ற் பிடிக்கும் இடம் குறைவு. வழுக்கினால் போட்ட காசு வீண். கப்பி சிறுக்கப் பெல்ற்றின் நீளமும் மாறும்.

4. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக, இடைவெளி குறைத்துப் போடுங்கள்.

5. கப்பி தண்டில் இறுக்கிப் பொருத்தப்பட்டது. அதற்குரிய இழுப்பானால் மட்டும் கழற்றுங்கள். சுத்தியலால் தட்டினால் உள்ளே பெயாரிங் போய்விடும்.

6. ரியூன் செய்பவரிடம் காற்று, பெற்றோல் விகிதத்தை அளந்து தாளில் தரச் சொல்லுங்கள்.

எந்த அளவு என்று கேட்டால் எமது பதில்: தினமும் வேலைக்குப் போய்வரும் வாகனத்துக்கு ஒரு படி சிறியது போதும். அதற்கு மேல் போக விரும்பினால் முதலில் பெற்றோல் பம்பி, இன்ஜெக்ரர், குளிர்விப்பு, கப்பி கடைசியில். கப்பிதான் இந்த வேலையில் மலிவான சாமான். மற்றதற்குக் காசு இல்லையென்றால் கப்பிக்கும் காசு இல்லை என்றே எடுத்துக் கொள்ளுங்கள்.

ஐயாவுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வாகனம் உங்கள் பெயரில். உங்கள் சம்மதத்தோடு மகன் ஓடி விபத்து நடந்தால் ஒன்ராறியோச் சட்டப்படி சொந்தக்காரரும் பொறுப்பு. எஞ்சினின் வலுவைக் கூட்டினால் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் கையை விரிப்பார்கள். எல்லை வேகத்தை விட மணிக்கு 50 கிலோமீற்றர் கூட ஓடினால் (80க்குக் குறைந்த வீதிகளில் 40) வீதியிலேயே 30 நாள் லைசென்ஸ் பறிப்பு, 14 நாள் வாகனம் பறிமுதல். குற்றம் நிரூபணமானால் தண்டம் 2,000 டொலரில் தொடங்கும். வாகனம் யாருடையது என்று பொலிஸ் பார்க்காது.

அதைவிடப் பெரியது ஒன்று. ஆபத்தான வாகனமோட்டல் குற்றவியல் குற்றம். 2018 மார்கழியிலிருந்து அதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். அதனால் குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாக எடுக்கலாம். பிரஜாவுரிமை இன்னும் கிடைக்காதவருக்கு நிரந்தர வதிவிடமே ஆட்டம் காணும். எத்தனையோ கஷ்டப்பட்டு வந்து சேர்ந்த நாங்கள், ஒரு சனிக்கிழமை இரவு நெடுஞ்சாலைப் போட்டியில் அதைத் தோற்கக் கூடாது. ஓடிப் பார்க்க ஆசையென்றால் ஓட்டத் திடல்கள் இருக்கின்றன, அங்கே போகட்டும்.

ஐயா, மகனைத் தடுக்கச் சொல்லி நாம் எழுதவில்லை. இரவு வேலை செய்து சேர்த்த காசில் பிள்ளை ஒரு தொழில்நுட்பத்தைப் படிக்க விரும்புகிறான். நீங்களும் கராஜுக்குப் போய், ஒரு கையில் ரோச் லைற்றைப் பிடித்துக் கொண்டு, அந்தக் கப்பியை அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அளந்த கணக்கை இருவருமாகத் தாளில் எழுதுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

அடுத்த மாதம் குளிர்கால ரயர்களைப் பற்றி எழுதுவோம். அதுவரை அவதானமாக ஓடுங்கள்.