அல் பைத் என்றால் வீடு

அடி அண்ணாமலைக்குத் திரும்பி வந்த முதல் வாரத்தில் எதிர்வீட்டுத் தம்பி கேட்டான்: "அக்கா, மெஸ்ஸிய நேர்ல பாத்தியா?"

இல்லை. 2022 டிசம்பர் 18, லுசைல் மைதானத்தில் இறுதிப் போட்டி நடந்த இரவில், அதே தோஹாவில் ஒரு வீட்டின் அடுக்களையில் தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மஜ்லிஸில் ஆண்கள் கத்தும்போது கோல் விழுந்தது தெரியும். யாருக்கு என்று தெரியாது.

எட்டு வருடம் நான் அங்கே 'கத்தாமா'. வளைகுடாவில் வீட்டுவேலைக்காரிக்கு அதுதான் பெயர்.

கத்தார் உலகக் கோப்பையைக் கண்டித்து எழுதியவர்கள் நிறையப் பேர். போட்டியை நடத்தும் உரிமை கிடைத்த 2010க்குப் பிறகு, இந்தியா உள்ளிட்ட ஐந்து தெற்காசிய நாடுகளின் தொழிலாளர் 6,500 பேர் அங்கே இறந்ததாக 'தி கார்டியன்' 2021இல் எழுதியது. அந்தச் சாவுகளைப் பேசியது சரி. இன்னும் பேச வேண்டும். ஆனால் பேசியவர்களில் பெரும்பாலோர் மைதான வாசலோடு நின்றுவிட்டார்கள். கட்டியவர்கள் ஆண்கள் என்பதால் அது தொழிலாளர் பிரச்சினை. நாங்கள் இருந்தது வீடு. வீட்டில் நடப்பது வேலையா என்ன?

கணக்குச் சொல்கிறேன். நெரிசலைக் குறைக்க அந்த மாதம் பள்ளிகளை மூடினார்கள். அரசு அலுவலகத்துக்கு ஐந்தில் ஒருவர் வந்தால் போதும் என்றார்கள். ஊருக்கே விடுமுறை. அப்படியானால் நான்கு பிள்ளைகளும் ஐயாவும் நாள் முழுக்க வீட்டில். போதாததற்கு ஆட்டம் பார்க்க வரும் விருந்தாளிகள். பத்து மணி ஆட்டம் முடிய நள்ளிரவாகும். நான் படுக்க இரண்டு. பிள்ளைகள் ஆறரைக்கு எழுந்துவிடுவார்கள். அந்த விடுமுறையை உழைத்துக் கொடுத்தவள் நான். எந்தச் செலவுக் கணக்கிலும் அது ஏறவில்லை.

டிசம்பர் 6 கார்த்திகை தீபம். இங்கே மலைமேல் தீபம் ஏற்றும் ஆறு மணி அங்கே மூன்றரை. அன்று மாலை மொராக்கோவும் ஸ்பெயினும் ஆடின. நான் சமோசா மடித்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க மாவு, போனை எடுக்க முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2017லேயே வீட்டுத் தொழிலாளருக்குச் சட்டம் போட்டார்கள். கம்பெனி ஆட்களுக்குச் சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். எங்களை அந்த முறையில் சேர்க்கவில்லை. எனக்கு நான்கு மாதம் சேர்த்துக் கையில் தருவார்கள், சில சமயம் ஐந்து மாதமும் ஆகும். எட்டு வருடத்தில் ஓய்வு நாள் உண்டா என்று கேட்டு யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதில்லை.

அல் பைத் என்றொரு மைதானம். கூடாரம் மாதிரி இருக்கும். அரபியில் அல் பைத் என்றால் வீடு. ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை முதன்முதலாக ஒரு பெண் நடுவர், பிரான்சின் ஸ்டெஃபானி ஃப்ராப்பார், நடத்தியது அங்கேதான். கைதட்ட வேண்டிய விஷயம், தட்டுங்கள். அந்த மைதானத்தில் எத்தனை கேமராக்கள்! எங்கள் 'பைத்'தில் விசில் ஊத யாருமில்லை.

கத்தாரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பத்தாவது தேறாத பெண் 30 வயதுக்குள் வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்பது நம் அரசு தரும் பாதுகாப்பு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டியவள் நிற்பாளா? ஏஜென்ட் விசிட் விசாவில் அனுப்புவான். அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. அதைவிட, தீபத்தன்று எங்கள் வீடு கொள்ளாமல் சொந்தம் வரும். அண்ணன்கள் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வந்து தட்டு முன்னால் உட்காருவார்கள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வந்ததில்லை. அதை வேலை என்று நானும் சொன்னதில்லையே! தோஹாவுக்கு அந்தப் பாடத்தோடுதான் போனேன்.

2030இல் ஆசிய விளையாட்டுப் போட்டி மறுபடியும் தோஹாவில். 2034 உலகக் கோப்பை சவூதியில். மைதானத்தைச் சோதிக்கப் போகிறவர்கள் அடுக்களைக்கும் வரட்டும். அவள் சம்பளம் வங்கியில் விழுகிறதா, பாஸ்போர்ட் அவள் பையில் இருக்கிறதா, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று முதலாளியம்மா இல்லாத அறையில், அவள் மொழியில் கேட்கட்டும்.

போன மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தி ரியாத்துக்குப் போனாள். வயது 26. விசிட் விசா.