மூணு வார ஸ்பானிஷும் ஒரு அடுப்பும்

ஓலா ஃப்ரெண்ட்ஸ்! ஸ்பானிஷ்ல 'வணக்கம்' சொல்லியாச்சு. எழுதும்போது முன்னாடி ஒரு 'ஹெச்' உண்டு, ஆனா வாயில வராது. சைலன்ட் கேரக்டர்!

"வெளிநாட்டுக்கு வாலன்டியரிங் போறியே, அதனால அங்கே யாருக்காவது நிஜமா பிரயோஜனம் உண்டா? இல்ல, சி.வி.யில ஒரு வரி ஏத்தறதுக்கா?" கிளம்பறப்போ என் கிளாஸ்ல பாதிப் பேர் கேட்டது இதுதான். நியாயமான கேள்வி. பதிலை நான் சொல்றதைவிட, இன்னிக்கு ஒரு நாள் முழுக்க என்கூடவே வாங்க. சாயங்காலம் தீர்ப்பு உங்களோடது.

முதல்ல ஊர். மெக்சிகோவுக்குத் தெற்கே குவாத்தமாலா. அதோட ரெண்டாவது பெரிய நகரம் கெட்சால்தெனாங்கோ. பயப்படாதீங்க, ஊர்க்காரங்க 'ஷேலா'ன்னுதான் சொல்றாங்க. ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடி இருந்த மாயன் பேரோட சுருக்கம் அது. உயரம் சுமார் 2,300 மீட்டர், ஊட்டியைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. தெற்குப் பக்கம் திரும்பினா 3,772 மீட்டர்ல சாந்தா மரியா எரிமலை. 1902-ல அது வெடிச்சது, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகள்ல ஒண்ணு. நம்ம ஊரைவிட பதினொன்றரை மணி நேரம் பின்னாடி. நீங்க ஹாஸ்டல் மெஸ்ல ராத்திரி தட்டு தூக்கும்போது, நான் இங்கே பல் தேய்ச்சிட்டிருப்பேன்.

காலை 6.30

ஸ்பானிஷ் படிக்க வர்றவங்க இங்கே பெரும்பாலும் ஏதாவது ஒரு குடும்பத்தோடதான் தங்கறாங்க. நானும் அப்படித்தான். வீட்டு அம்மாவை 'தோன்யா'ன்னு மரியாதையா கூப்பிடணும். காலை டிஃபன் கறுப்பு பீன்ஸ், முட்டை, சோள தோர்த்தியா, காபி. மதியமும் தோர்த்தியா. ராத்திரி? கரெக்ட், தோர்த்தியா! வியாழக்கிழமை மட்டும் ஸ்பெஷல். உருளைக்கிழங்கு மாவை இலையில மடிச்சு வேகவைக்கற 'பாச்சே'. ஷேலாவுக்கே பேர்போன அயிட்டம். உள்ளே கறி இருக்கும், வெஜ் பார்ட்டிகள் முன்னாடியே சொல்லிடுங்க.

சோளத்தை அப்படியே அரைச்சுட மாட்டாங்க. சுண்ணாம்பு கலந்த தண்ணியில ரொம்ப நேரம் வேகவெச்சு, ராத்திரி ஊறவிட்டு, அப்புறம்தான் அரைப்பாங்க. தோல் கழண்டுடும், மாவு ஒட்டும், சோளத்துல பூட்டியிருக்கற நியாசின் சத்தும் உடம்புல சேரும். ஆயிரக்கணக்கான வருஷத்துக் கெமிஸ்ட்ரி. இந்த சோளப் பானையை மறந்துடாதீங்க, மதியம் வேலை இருக்கு.

காலை 8 முதல் 1 வரை

கிளாஸ். ஒரு டீச்சர், ஒரே ஒரு ஸ்டூடன்ட். கடைசி பெஞ்ச் கிடையாது. பிராக்ஸி கிடையாது. பக்கத்து நோட்டு கிடையாது. அஞ்சு மணி நேரம் நேருக்கு நேரா! நம்ம காலேஜ்ல இப்படி ஒரு சிஸ்டம் வந்தா டிபார்ட்மென்ட்டே காலியாயிடும்.

ஆனா நமக்கு ஒரு குட் நியூஸ். தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஸ்பானிஷ்ல சில இடங்கள் ரொம்ப ஈஸி. 'ஆப்லோ'ன்னா பேசறேன், 'ஆப்லாஸ்'னா பேசறே. யார்னு வினைச்சொல்லோட வாலே சொல்லிடும், 'நான்', 'நீ' தனியா தேவையில்ல. 'மே குஸ்தா எல் கஃபே'ன்னா 'எனக்கு காபி பிடிக்கும்'. இங்கிலீஷ் வழியா வர்றவங்க 'நான்'ல ஆரம்பிச்சே பழகினதால இதுல திணறுவாங்க. நமக்கு 'எனக்கு' ரெடியா இருக்கு. 'மேசா'ன்னா மேசை. ஸ்பானிஷோட சகோதரி போர்ச்சுகீஸ் வழியா எப்பவோ நம்ம வீட்டுக்கு வந்த சாமான் அது.

கஷ்டமும் உண்டு. 'பெரோ'ன்னா ஆனால். நாக்கை நல்லா உருட்டி 'பெர்ரோ'ன்னா நாய். 'அவோரீத்தா'ன்னா 'இப்பவே'ன்னு புக்ல போட்டிருக்கு. நிஜ அர்த்தம், நம்ம ஆளுங்க வீட்டுல உட்கார்ந்துகிட்டே போன்ல சொல்ற 'இதோ வந்துட்டேன் மச்சி'.

மூணாவது வாரம்தான் இறந்தகாலம் ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் நான் நிகழ்காலத்துல மட்டுமே வாழ்ந்த ஞானி!

மதியம் 2.00

மே மாசம் மழை சீசன் ஆரம்பம். மதியம் தாண்டினா தினமும் கொட்டும். நனைஞ்சபடி பஸ் ஏறணும். அமெரிக்காவுல ஓடி ஓய்ஞ்ச பழைய ஸ்கூல் பஸ்களை வாங்கி, கலர் பெயின்ட் அடிச்சு, சும்மா ஜிகுஜிகுன்னு ஓட்டறாங்க. ரெண்டு குழந்தைங்க உட்கார்ற சீட்ல மூணு பெரியவங்க. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டே ஊர் பேரைக் கத்துவார். சுத்தமா ஹோம்சிக்கே வராது!

இறங்கினா ஒரு கிசே கிராமம். கிசேங்கறது மாயன் மொழி. குவாத்தமாலாவுல மட்டும் 22 மாயன் மொழிகள் இருக்கு. எங்க டீமோட வேலை, புகைபோக்கி வெச்ச விறகு அடுப்பு கட்டறதும், ஏற்கெனவே கட்டின அடுப்பு எப்படி இருக்குன்னு வீடு வீடா போய்ப் பார்க்கறதும்.

அடுப்புக்கும் இந்த மலைக்கும் பெரிய கதையே இருக்கு. 1976 பிப்ரவரி 4, 7.5 ரிக்டர் நிலநடுக்கம். சுமார் 23,000 பேர் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் நடந்த சீரமைப்பு வேலைகளின்போது இந்த மேட்டுநிலத்துல உருவானதுதான் 'லோரேனா' அடுப்பு. 'லோதோ'ன்னா சேறு, 'அரேனா'ன்னா மணல். ரெண்டையும் சேர்த்தா லோரேனா. இப்போ நாங்க கட்டறது அதுக்கு அடுத்த தலைமுறை. செங்கல் மேடை, மேலே 'ப்ளாஞ்சா'ங்கற இரும்புத் தகடு, பின்னாடி கூரை தாண்டிப் போற குழாய். சூடான காற்று மேலே ஏறும், கூடவே புகையையும் இழுத்துட்டுப் போகும். தெர்மல் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சதுதான்.

பக்கத்து மாவட்டமான சான் மார்க்கோஸ்ல 2002 முதல் 2004 வரை, கிர்க் ஸ்மித்ங்கற விஞ்ஞானியோட குழு 534 வீடுகளை எடுத்து, பாதி வீட்டுக்கு உடனே இந்த மாதிரி அடுப்பு கொடுத்து ஆராய்ச்சி பண்ணினாங்க. 1980-களின் தொடக்கத்துலயே நம்ம குஜராத் கிராமங்கள்ல அடுப்புப் புகையை அளந்தவர் அவர். 2011-ல முடிவு வெளியானது. குழந்தைங்க மூச்சுல போற புகை சுமார் பாதியா குறைஞ்சது. கடுமையான நிமோனியா மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. ஆனா எல்லா நிமோனியாவையும் சேர்த்துப் பார்த்தா, 'உறுதியா குறைஞ்சது'ன்னு சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல. அதாவது, பாதிப் புகை குறைஞ்சா போதாது.

மதியம் 3.30

உண்மையைச் சொல்லிடறேன். அடுப்பு கட்டறதுல எங்க பங்கு ரொம்பக் கம்மி. உள்ளூர் கொத்தனார் பாட்டுப் பாடிக்கிட்டே கட்டற அடுப்புக்கு, நாங்க மூணு பேர் மண்ணு சலிச்சுக் கொடுக்கறோம். நாங்க இல்லேன்னாலும் அடுப்பு நிக்கும். அப்போ எங்களுக்கு என்னதான் வேலை? திரும்பப் போய்ப் பார்க்கற வேலை. அதுக்கு நேரமும் பொறுமையும் வேணும், முக்கியமா பாஷை வேணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி அடுப்பு கட்டின ஒரு வீடு. படிவத்துல முதல் கேள்வி, "அடுப்பை யூஸ் பண்றீங்களா?" அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே "ஸி" சொன்னாங்க. 'ஸி'ன்னா ஆமா. டிக் அடிச்சுட்டுக் கிளம்பலாம். ரெண்டு வார ஸ்பானிஷுக்கு அவ்வளவுதான் முடியும்.

எங்ககூட வந்த உள்ளூர் சுகாதாரப் பணியாளர் அந்தப் படிவத்தை மடிச்சு வெச்சுட்டு, "நேத்து எதுல என்ன சமைச்சீங்க?"ன்னு கேட்டார். இறந்தகாலம்! பதில் அருவி மாதிரி கொட்டுச்சு. தோர்த்தியா ப்ளாஞ்சா மேலதான். ஆனா சோளப் பானை பெரிசு. தகட்டு மேல வெச்சா மணிக்கணக்கா ஆகுது, விறகும் ஜாஸ்தி. அதனால அது மட்டும் மூலையில மூணு கல் வெச்ச பழைய அடுப்புல. ராத்திரி குளிருக்கு எல்லாரும் அதைச் சுத்திதான் உட்கார்றாங்க. அதுக்குப் புகைபோக்கி கிடையாது. அந்த அக்கா முதுகுல துணியில கட்டியிருந்த கைக்குழந்தை, நாங்க இருந்த ஒரு மணி நேரமும் இருமிக்கிட்டே இருந்தது.

'ஸி'யும் பொய் இல்ல, இதுவும் பொய் இல்ல. 36 வருஷ உள்நாட்டுப் போர் 1996-லதான் இந்த நாட்டுல முடிஞ்சது. இறந்தவங்களும் காணாமப்போனவங்களும் சுமார் 2 லட்சம் பேர், பெரும்பாலும் மாயன் மக்கள். நோட்டும் பேனாவுமா வர்ற வெளியாளுக்கு ஒரு 'ஸி' சொல்லி அனுப்பறதுதான் புத்திசாலித்தனம்னு அவங்க நினைச்சா, யார் தப்பு சொல்ல முடியும்?

இன்னொண்ணும் பார்த்தேன். அக்காவுக்கு கிசேதான் சரளம். சில வரிகளை ஸ்பானிஷ்ல மாத்திச் சொன்னது ஸ்கூல் படிக்கற பொண்ணு. வீட்டுப்பாட நோட்டை மூடி வெச்சுட்டு எங்க பக்கத்துலயே நின்னா. எங்களுக்குப் பாஷை தெரியாததோட செலவை ஒரு சின்னப் பொண்ணு கட்டறா! அதனால இனி கிசே பேசறவர் இல்லாம எந்த வீட்டுக்கும் போறதில்லைன்னு டீம்ல முடிவு பண்ணியாச்சு. பானை உட்கார்ற மாதிரி தாழ்வா ஒரு வாய், அதே புகைபோக்கியில சேர்ற மாதிரி கட்ட முடியுமான்னு கொத்தனார் தரையில கரியால படம் போட்டுப் பார்த்துட்டிருக்கார். பெரிய வாய் வெச்சா இழுவை குறையுமே, அதை எப்படிச் சரிக்கட்டறதுங்கறதுதான் இப்போ எங்க டவுட். என் மெக்கானிக்கல் படிப்பு முதல் தடவையா வாயைத் திறந்திருக்கு.

இரவு 8.00

ஸ்வெட்டர், காபி, ஹோம்வொர்க். நாளைக்கு இருபது வினைச்சொல், எல்லாம் இறந்தகாலத்துல. இப்போ மார்க்குக்காகப் படிக்கற மாதிரி இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு கேள்வியா மாறும்னு தெரியுது.

சரி, தீர்ப்பு நேரம். நீங்களும் கிளம்பறதா இருந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த அமைப்புகிட்ட மூணே கேள்வி கேளுங்க.

ஒண்ணு: நான் செய்யப்போற வேலையை உள்ளூர்ல ஒருத்தர் கூலிக்குச் செய்ய முடியுமா? முடியும்னா அவர் வேலையைப் பறிக்காம எனக்கு என்ன வேலை இருக்கு?

ரெண்டு: வேலைக்கு முன்னாடி எத்தனை வாரம் பாஷை கத்துத் தர்றீங்க? 'தேவையே இல்லை, சிரிச்சா போதும்'னு சொன்னா, சிரிச்சுட்டே வெளியே வந்துடுங்க.

மூணு: நான் போனப்புறம் அந்த வீட்டுக்கு யார் திரும்பப் போவாங்க?

முக்கியமா, ரெண்டு வாரம் குழந்தைங்ககூட விளையாடிட்டு போட்டோ எடுத்துட்டு வர்ற பேக்கேஜ் பக்கம் போகவே போகாதீங்க. ஒட்டிக்கிட்ட குழந்தைக்கு நீங்க ஃப்ளைட் ஏறினது புரியாது.

உங்க ஹோம்வொர்க், ஒரே ஒரு கிசே வார்த்தை. 'மால்தியோஷ்'. அர்த்தம், நன்றி. அடுத்த வாரம் அடுப்போட புது வாய் எப்படி வந்திருக்குன்னு சொல்றேன்.